கடம்பூர் மலையில் யார் ஓட்டியது

ஆகஸ்ட் 11, திங்கள்
கார் ஆர்.சி.யில் என் பெயர். தவணை என் சம்பளத்தில். லைசென்ஸும் இருக்கிறது. ஓட்டுவது மட்டும் வீட்டுக்காரர். வெள்ளிக்கிழமை லீவுக்குக் கடம்பூர் மலை. "மேல போனதும் எனக்குக் கொஞ்சம் ஓட்டக் குடுங்க" என்றேன்.
"அது ஜல்லி ரோடு பாரதி. நீ கம்பெனிக்குப் போற ரோடு மாதிரி இல்ல."
கம்பெனிக்கும் நான் பஸ்ஸில்தான் போகிறேன்.

ஆகஸ்ட் 14, வியாழன்
காரைத் துடைக்க ஒரு மூட்டை பனியன் வேஸ்ட் துணியை இவர் ஏற்றியாகிவிட்டது. சோற்றுக் கூடைக்கு இடமில்லையாம்.

ஆகஸ்ட் 15, வெள்ளி
சேற்றைக் கழுவிவிட்டு எழுதுகிறேன்.
கடம்பூர் தாண்டியதும் மலைமேல் சமதளம். ஆளுயரப் புல், அடுக்கடுக்காக நீல மலை, நடுவில் ஜல்லிச் சாலை. அழகுதான். ஒவ்வொரு குழிக்கும் இவர் ரோடு போட்டவனின் குடும்பத்தை விசாரித்துக்கொண்டே வந்தார். காட்டோடையில் முன்சக்கரம் மணலில் புதைந்தது. மிதிக்க மிதிக்க இன்னும் கீழே போனது.
"எறங்கித் தள்ளு கண்ணு."
தள்ளினேன். முகமெல்லாம் சேறு. உள்ளேயிருந்து குரல்: "இன்னுங் கொஞ்சம் பலமா!"
பலமாகவா? ஏசியில் உட்கார்ந்துகொண்டு — பலமாகவா?
பின்னால் சந்தைக்குப் போகும் பிக்கப் வழியில்லாமல் நின்றது. தக்காளிக் கூடைகளுக்கு நடுவிலிருந்து ஒரு அம்மா இறங்கி வந்து கண்ணாடியைத் தட்டினார். "ஏஞ்சாமி, காலு வலிங்களா?"
பிக்கப் முழுக்கச் சிரிப்பு. இவர் இறங்கினார். நான் ஏறினேன். பனியன் வேஸ்டைச் சக்கரத்தடியில் திணிக்கச் சொன்னேன். இவரும் பிக்கப் ஆட்களும் தள்ள, மெதுவாக மிதித்தேன். மேலேறிவிட்டது. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. வெகுதூரம் போய்த்தான் நிறுத்தினேன். இவர் தக்காளியோடு பிக்கப்பில் வந்து சேர்ந்தார்.
"சாவியக் குடு" என்றார். கொடுத்துவிட்டேன்! ஏன் கொடுத்தேன்? யார் கேட்டாலும் கொடுத்துவிடுவேனா நான்?

ஆகஸ்ட் 17, ஞாயிறு
சேவூரில் அண்ணன் மகுடேஸ்வரன் வீட்டில் விருந்து. "நா மட்டுந் தள்ளாட்டி வண்டி இன்னும் ஓடைலதான் மச்சான்" என்றார் இவர். அண்ணன் தோளில் தட்டிக் கொடுத்தான். அப்போது வண்டியை ஓட்டியது யாரென்று ஒருவரும் கேட்கவில்லை. தானாக ஏறியது போலும்.

ஆகஸ்ட் 18, திங்கள்
கம்பெனிக்குக் காரில் போனேன். பஸ் நம்பரை ஒரு சீட்டில் எழுதி அவர் சட்டைப்பையில் வைத்துவிட்டுத்தான் போனேன்.

செப்டம்பர் 7, ஞாயிறு
மறுபடியும் மலை. தங்கை வினிதா முன்சீட்டில் ஏறிக்கொண்டாள். இவர் வாசலில் நின்றார்.
"நானும் வரட்டுமா?"
"வாங்க. பின்னால எடமிருக்குதுங்க."
ஓடையில் தண்ணீர் கூடியிருந்தது. இறங்கி ஆழம் பார்த்துவிட்டுக் கடந்தேன். பின்சீட்டிலிருந்து ஒரு யோசனையும் வரவில்லை. சமதளத்தில் வெகுநேரம் கழித்து, "பாரதி, அங்க பாரு, கடமான்" என்றார். மெதுவான குரல்.
நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.