வில்லை இழுக்கிற இரண்டு விரல்

சட்டன், இலண்டன்
ஞாயிறு காலை

மதிப்புக்குரிய ஞானேஸ்வரன் அண்ணைக்கு,

சுகம் விசாரிக்கிற தகுதியை நானே கெடுத்துக்கொண்டவன். என்றாலும் நீங்களும் அக்காவும் ஜதுசனும் பாரிசில் சுகமாய் இருக்க வேணும் என்று நினைச்சுத்தான் பேனையை எடுக்கிறன்.

ஒன்பது நாளாய் நீங்கள் போன் எடுக்கேல்லை. வாற வெள்ளி உங்கட வீட்டில் தாலிக்குப் பொன்னுருக்குச் சடங்கு. அது நடக்குமோ நடக்காதோ என்று இங்கை ஒருத்தருக்கும் தெரியாது. அப்பா மனம் ஆறாமல் மணவறையில் இருக்க மாட்டன் என்று ஜதுசன் எங்கட கம்சிகாவிட்டைச் சொல்லிப்போட்டாராம். மகள் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைச்சுப்போட்டுப் போனையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். என்ர மனுசி சிவனேஸ்வரி என்னோடை கதைக்கிறதை நிப்பாட்டிப்போட்டா. கடைசியாய்ச் சொன்னது, பஸ் ஓட்ட லைசென்ஸ் கேட்கிற கவுன்மேந்து இந்த மனுசன் வாய் திறக்கவும் ஒன்று கேட்டிருந்தால் வீடு தப்பியிருக்கும் என்று. ஸ்ட்ரெதத்தில் இருக்கிற கனகாம்பிகை அக்கா வேறை எங்களுக்காகக் கவலைப்பட போன் எடுத்தா. அவ கவலைப்பட்டு முடிக்க முக்கால் மணித்தியாலம் எடுத்தது.

வட்ஸ்அப்பில் எழுதினால் பழக்கதோசத்தில் சிரிக்கிற மூஞ்சி ஒன்றைப் போட்டுவிடுவன். அதுதான் கடிதம்.

எனக்குச் சீனி வருத்தம். நடக்கச் சொன்னார் டொக்டர். நடக்கப் பஞ்சிப்பட்டு, நின்ற இடத்தில் செய்யிற விளையாட்டாய்த் தேடி வில்வித்தைக் கிளப்பில் சேர்ந்தன். விட்ட அம்பைப் பொறுக்க நடக்க வேணும் என்று பிறகுதான் தெரிஞ்சது. என்ர அம்புகள் எல்லாரின்ர அம்பையும் விடத் தூரத்தில், வேலிக்கு அங்காலை கிடக்கும். வில்லுத்தான் வசப்படேல்லை, வில்லுக் கதைகள் வசப்பட்டுட்டுது.

நீங்கள் அப்டன் பார்க்கில் கூறைச்சேலை வாங்கிக்கொண்டு எங்கட வீட்டுக்குச் சாப்பிட வந்த அன்று, அந்தக் கதைப் பெட்டியைத் திறந்தன். மேசையில் இருந்த வடையெல்லாம் பிரெஞ்சுக் குதிரைப்படை, மோர்மிளகாய் எல்லாம் ஆங்கிலேய வில்லாளர். அறுநூறு, எழுநூறு வருசத்துக்கு முந்தி, குதிரையும் இரும்புக் கவசமும் வைச்சிருந்த பிரபுதான் போர்க்களத்துக்கு ராசா என்றிருந்த காலம். கிறெசிச் சண்டையில் பிரெஞ்சுப் பக்கத்து விசைவில்லுக்காரன் முறுக்கி இரண்டு அம்பு விடுறதுக்குள், ஆங்கிலேயரின்ர ஆளுயர வில்லுக்காரன் பத்து அம்பு விட்டான். அஜின்கோட் சண்டையில், சேற்றில் கவசம் கனத்துப் பிரபுக்கள் விழுந்தெழும்பேக்கை, வானம் இருள அம்பு வந்தது. விட்டவன் ஆர்? உழவன், கூலிக்காரன். ஒரு பஸ் ட்ரைவருக்கு இந்த இடம் எவ்வளவு இனிக்கும் என்று யோசிச்சுப் பாருங்கோ.

அதோடை வாயை மூடியிருக்கலாம். பிடிபட்ட வில்லாளரின்ர சுட்டு விரலையும் நடு விரலையும் பிரெஞ்சுக்காரர் வெட்டுவினமாம், அதாலைதான் மற்ற ஆங்கிலேயர் இரண்டு விரலைக் காட்டிப் பழிச்சவையாம் என்று சொல்லி, என்ர இரண்டு விரலை உங்கட முகத்துக்கு நேரை ஆட்டினன். நீங்களும் பிரான்ஸ்காரர்தானே, உங்கட விரலையும் ஒருக்கால் காட்டுங்கோ பாப்பம் என்று கேட்டன்.

நீங்கள் காட்டினீங்கள்.

கோட்டுப் பொக்கற்றுக்குள் இருந்த வலக்கையை எடுத்து, வடைத் தட்டுக்குப் பக்கத்தில் வைச்சீங்கள். கட்டைவிரல், மோதிரவிரல், சின்னவிரல். என்ர சிரிப்பு பஸ் மாதிரி, பிறேக் அமத்தினாலும் கொஞ்சத் தூரம் போய்த்தான் நிக்கும். அவ்வளவு நேரமும் நீங்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தீங்கள். அதுவரை வீடியோவில் உங்கட முகத்தை மட்டுந்தானே கண்டனான். இடக்கையால் கரண்டி பிடிச்சுச் சாப்பிட்டதைப் பிரான்ஸ் ஸ்ரைல் என்று நினைச்ச விசரன் நான்.

பிறகு ஜதுசன் மகளுக்குச் சொன்னாராம். விசா இல்லாத காலம். ரெஸ்ரோறன்ட் நிலவறையில் இறைச்சி அரைக்கிற மெஷின். வேலை செய்த இடத்தை ஆஸ்பத்திரியில் சொன்னால் வேலை இல்லை என்ற முதலாளி. கட்டோடையே நீங்கள் கோப்பை கழுவப் போனதாம்.

நேற்றுக் கிளப்புக்குப் போனன். பயிற்சி தாற டயனாவிட்டை அந்த விரல் வெட்டின கதையைக் கேட்டன். அதுக்கு அந்தக் காலத்து ஆதாரம் ஒன்றும் இல்லை, பிறகு வந்த கட்டுக்கதையாய் இருக்கும் என்றா. மகளின்ர கலியாணத்தை நான் விலையாய்க் குடுத்தது ஒரு பொய்க்கு. அந்த இரண்டு விரலையும் மடக்கிக்கொண்டு நாணை இழுத்துப் பார்த்தன். அரை அங்குலமும் வரேல்லை. வீட்டை வந்து சேட்டுப் பொத்தானைப் பூட்டிப் பார்த்தன். அதுவும் ஏலாமல் போச்சு. அந்தக் கையால் நீங்கள் ஒரு குடும்பத்தை இழுத்து நிமித்தியிருக்கிறீங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேணும். அன்று ஜதுசனின்ர நெற்றியில் திருநீற்றுக் குறி மூன்றும் ஒன்றுக்கொன்று நேராய் இல்லாமல், தனித்தனியாய்க் கோணிக் கிடந்தது. பூசத் தெரியாத பிரான்ஸ் மாப்பிள்ளை என்று அதுக்கும் பகிடி விட்டன். இப்பதான் விளங்குது. அது அவர் பூசினதில்லை. அப்பாவின்ர ஒற்றை மோதிரவிரல், மூன்று தரம்.

அண்ணை, வெள்ளிக்கிழமை பொன் உருகட்டும். கலியாணத்தன்று கம்சிகா மணவறைக்கு ஏற முதல், அவளின்ர நெற்றியிலும் அதே விரலால் மூன்று தரம் பூசிவிடுங்கோ. எவ்வளவு நேரம் எடுத்தாலும் எடுக்கட்டும். ஐயரை நான் மறிச்சு வைச்சிருக்கிறன்.

வாயைப் பொத்திக்கொண்டு வாசலில் நிக்கிற,
உங்கட சம்பந்தியாக ஆசைப்படுற
இராஜேந்திரன்