படியில் ஒரு கால்

அன்புள்ள சின்னக்குட்டியின் அம்மாவுக்கு,

நலமாக இருக்கிறேன். நீயும் குழந்தையும் அப்படியே இருக்க வேண்டும். அவளுக்கு முன்பல் ஆடுகிறது என்று எழுதியிருந்தாய். ஆட்டி ஆட்டி விளையாடவேண்டாம் என்று சொல். சொன்னால் கேட்கமாட்டாள், உன் பெண்தானே.

வேலை பழகிவிட்டது. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளை உருளை இஸ்திரிக்குள் விடுவது என் பொறுப்பு. முதல் வாரம் நான் விட்டதெல்லாம் கோணல். இப்போது மேற்பார்வை பார்க்கும் அம்மா என் பக்கம் திரும்புவதுகூட இல்லை. அவரிடம் கிடைக்கிற பாராட்டே அதுதான்.

ஆஸ்பத்திரி ஊரின் ஒரு கோடியில், என் அறை மறுகோடியில். நடுவில் ஒரு ரயில், ஒரு மேம்பாலம், ஒரு பஸ். ரயில் வந்து நின்ற நாலாவது நிமிடம் பஸ் கிளம்பிவிடும். அதை விட்டால் நாற்பது நிமிடம் கழித்துத்தான் அடுத்தது. இந்த நேரத்தைக் குறித்த புண்ணியவான் ஒரு நாளாவது அந்தப் பாலத்தில் ஏறி இறங்கியிருக்க மாட்டான். தகுதிகாண் காலம் மூன்று மாதம். அதற்குள் மூன்று நாள் தாமதமானால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். எனக்கு இரண்டு ஆகிவிட்டது. இரண்டும் ரயில் சிக்னலில் தூங்கிய நாட்கள். வேலை நிரந்தரமானதும் அழைத்துக்கொள்கிறேன் என்று உன்னிடம் சொல்லிவிட்டு, இதை மட்டும் எழுதாமல் மறைத்தேன்.

எங்கள் ரயிலில் ஆஸ்பத்திரி ஆட்கள் ஆறேழு பேர். அவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. முதலில் ஓடிப்போகிறவர் பஸ் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு, "இது ஆஸ்பத்திரி போகுமாண்ணே?" என்று டிரைவரைக் கேட்பார். கால் அங்கே இருக்கும்வரை கதவை மூட முடியாது. தினமும் அதே முகங்கள், அதே கேள்வி. டிரைவரும் கடுகடுவென்று, "நேத்துப் போச்சு, இன்னிக்கும் போகும்" என்பார். கடைசி ஆள் வந்ததும் கால் உள்ளே போகும். யாரோ வயதானவர் பின்னால் வருகிறார்போல என்று நினைத்துக்கொள்வேன். நான் ஏறி மூச்சு வாங்கி முடிப்பதற்குள் பஸ் நகர்ந்துவிடும். யார் கடைசி என்று பார்த்ததே இல்லை.

போன செவ்வாய்க்கிழமை, முந்தின ரயில் தாமதமாக வந்து என் கையில் சிக்கியது. அன்றைக்கு நான்தான் முதல் ஆள். பெருமை பிடிபடாமல் படியில் காலை வைத்துக் கேள்வியைக் கேட்டேன். வழக்கமான ரயிலில் வந்த எங்கள் ஆட்கள் ஒவ்வொருவராக ஏறினார்கள். நான் காலை எடுக்கவில்லை. டிரைவர் பொறுமையிழந்து, "இன்னும் யாருய்யா?" என்றார். "மெதுவா வர்றவர் ஒருத்தர் பாக்கி" என்றேன். உள்ளே இருந்த நர்ஸம்மா தலையில் கையை வைத்துக்கொண்டு, "அண்ணே, நாங்க தினம் நிறுத்துறதே உங்களுக்காகத்தான். ஏறுங்க" என்றார். அந்த டிரைவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

முட்டி ஆறிவிட்டது என்று நான் எழுதியதெல்லாம் பொய். ஏணியிலிருந்து விழுந்த கால், படி இறங்குவதற்கு இன்னும் அடம்பிடிக்கிறது. நான் யாரிடமும் வாய் திறக்கவில்லை. அவர்களாகவே பார்த்து, எனக்கே தெரியாமல் இரண்டு மாதமாகப் பஸ்ஸைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. அன்று பகல் முழுக்க விரிப்புகளைக் கோணலாகவே விட்டேன்.

மூன்று மாதம் முடிய இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. ரயில் என்ன செய்யுமோ, தெரியாது. ஆனாலும் வேலை நிரந்தரமாகும் உத்தரவு வரட்டும் என்று சொன்னேனே, அதற்காகக் காத்திருக்க வேண்டாம். டிக்கெட் எடுத்துவிடு. இந்த வேலை போனால் இன்னொன்று தேடிக்கொள்ளலாம். இங்கே நமக்கும் நாலு பேர் இருக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பகலில் வந்து சேரும்படி பார்த்துக்கொள். குழந்தைக்கு என் ஆசி. ஸ்டேஷனில் இறங்கியதும் அவளைத் தூக்கிக்கொண்டு பாலம் ஏற வேண்டாம், நானே வருகிறேன். தூரத்திலிருந்து என் நடையைப் பார்த்து அழுதுவிடாதே. நான் வந்து சேரும்வரை அங்கேயே நில், அது போதும்.

உன் திட்டுக்குக் காத்திருக்கும்,
சின்னக்குட்டியின் அப்பா