நீலத்திரையைக் கண்டுபிடித்தவருக்கு

இன்று காலை ஸ்டூடியோ கணினி அப்டேட் முடிந்து எழுந்தபோது, திரையில் எழுத்தெல்லாம் சுவரொட்டி அளவுக்குப் பெருத்திருந்தது. கிராஃபிக்ஸ் கார்டை இயக்கும் டிரைவர் மென்பொருள் ஏறவில்லை. எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போடலாம் என்று என் கை பென்டிரைவைத் தேடியது. "பொறும் வே. அது என்ன சொல்லுதுன்னு மொதல்ல வாசிப்போம்." நீர் மாரடைப்பில் போய் வருடம் திரும்பிவிட்டது. இன்னும் உம் குரல்தான் முந்திக்கொள்கிறது.

நம் கூட்டுத் தொழிலுக்குள் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைக் கொண்டுவந்தவர் நீர். சங்கரன்கோவிலில் கல்யாண வீடியோ எடுப்பவர்கள் எல்லாரும் ஒரு வழியில் போக, நாம் மட்டும் ஏன் முள்ளுக்காட்டில் நடக்கிறோம் என்று எரிந்து விழுவேன். "திருட்டு சாஃப்ட்வேர் லைவ் நடுவுல தொங்குச்சில்லா, அப்ப எவன் வந்து தூக்கிவிட்டான்?" என்பீர். ஆனாலும் முறைத்துக்கொண்டு திரிவேன்.

அந்தக் கடையநல்லூர் நிக்காஹ் நினைவிருக்கிறதா? மணப்பெண்ணின் வாப்பா சவுதியில் இருந்தார். லீவு கிடைக்கவில்லை. அந்தப் பிள்ளை நம்மிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "எங்க வாப்பா தெளிவா பாக்கணும் அண்ணாச்சி. விட்டு விட்டு வரக்கூடாது." இரண்டு கேமராவின் படத்தையும் சேர்த்து லைவாக அனுப்பப் பழைய கார்டு திணறியது. புதிய கார்டு பொருத்தி, கல்யாணத்துக்கு முந்தின நாள் டிரைவர் போட்டோம். ஏறியது, ஆனால் வேலை செய்யவில்லை.

நான் குதித்தேன். நீரோ, திரையில் வந்திருந்த பிழைச் செய்தியை வரிவரியாக உரக்க வாசித்தீர், சம்பந்தி வீட்டார் குறை சொல்வதைக் கேட்பவரைப்போல அத்தனை மரியாதையோடு. "டிரைவர் மேல தப்பில்ல வே. புது ஆளுன்னு சிஸ்டம் உள்ள விடமாட்டேங்குது. ரீஸ்டார்ட் ஆகும்போது ஒரு நீலத்திரை வரும். அங்கன பாஸ்வேர்டு குடுத்து, சரி வரட்டும்னு சொல்லணும்."

நீலத்திரை வரவே இல்லை. திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் செய்தேன். கடைக்காரன் ஓட்டைக் கார்டைத் தலையில் கட்டிவிட்டான் என்று திட்டினேன். நீர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தீர். நம் யுபிஎஸ் நோஞ்சானாகக் கிடந்த காலம் அது. ரீஸ்டார்ட் கொடுத்ததும் அதன் சுமை குறைய மானிட்டரை அணைத்துவிட்டு, கணினி எழுந்தபிறகு போடுவது நம் ஸ்டூடியோ வழக்கம். கை தானாகச் செய்துவிடும். அந்த இருட்டில்தான் நீலத்திரை வந்து, சில நொடி காத்திருந்து, பதில் கிடைக்காமல் போய்க்கொண்டிருந்தது.

"அது ஒவ்வொரு தடவையும் கேட்டுட்டுதாம் வே போயிருக்கு" என்று சிரித்தீர். உம் இடத்தில் நான் இருந்திருந்தால் ஊரைக் கூட்டியிருப்பேன். அடுத்த முறை மானிட்டரை அணைக்கவில்லை. நீலத்திரை வந்தது. பாஸ்வேர்டு கொடுத்தீர். கார்டு ஓடியது.

மறுநாள் அந்த வாப்பா நிக்காஹ் முழுவதையும் தெளிவாகப் பார்த்தார். முடிந்ததும் மண்டபத்து ஸ்பீக்கரில் அவர் நாலு வார்த்தை பேசுவதாக ஏற்பாடு. "எல்லாரும் சாப்ட்டுட்டுத்தான் போகணும்" என்றார். அதோடு குரல் நின்றுபோனது. "நெட்டு போயிருச்சி, பந்திக்கு வாங்க" என்று அறிவித்துவிட்டீர். இவ்வளவு பாடுபட்டும் கடைசியில் நெட் கழுத்தறுத்துவிட்டதே என்று நான் வழியெல்லாம் புலம்பினேன். நீர் பாட்டுக்கு வண்டி ஓட்டினீர்.

இன்று நானும் பொறுமையாக வாசித்தேன். அப்டேட்டில் வந்த, லினக்ஸின் கருவான புதிய கெர்னலுக்கு வேண்டிய ஒரு துணைக்கோப்பு இல்லாமல் டிரைவர் பாதியில் நின்றிருந்தது. அதைப் போட்டதும் ஏறிவிட்டது. உம்மிடம் காட்டிப் பீற்றிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. அப்போதுதான் அந்த வாப்பா பேரீச்சம்பழப் பெட்டியோடு வாசலில் வந்து நின்றார். வேலையை முடித்துக்கொண்டு ஊருக்கே வந்துவிட்டாராம். உம்மைத்தான் கேட்டார். நீர் போன சேதியைச் சொன்னேன். "இன்னாலில்லாஹி" என்று சாவுக்குச் சொல்லும் வார்த்தையைச் சொல்லியபடி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"அன்னைக்கு பேச முடியாம பச்சப்புள்ள மாதிரி அழுதேன். சபையே கேட்டிருக்கும்னு இத்தன நாளா கூசிக்கிட்டு இருந்தேன். இப்பத்தான் எம்மவ சொல்லுதா, அவருதான் ஸ்பீக்கர அமத்திட்டு ஹெட்போன அவகிட்ட குடுத்தனுப்பினாராம். நான் அழுதது அவ ஒருத்திக்குத்தான் கேட்டுதாம்."

நெட் போகவே இல்லை. கேமராவோடு அங்கேயே நின்ற எனக்குக்கூட நீர் சொல்லவில்லை. எப்பேர்ப்பட்ட மனிதரோடு தொழில் செய்திருக்கிறேன்!

சாயங்காலம் இங்கே ஒரு கல்யாண லைவ் இருக்கிறது. பெண்ணின் அண்ணன் துபாயிலிருந்து பேசப்போகிறான். அவன் பேசி முடிக்கும்வரை ஸ்பீக்கர் பொத்தானிலிருந்து நான் கையை எடுக்கமாட்டேன்.