கறள் தேய்த்த நாள்

அண்ணை,

பல்வலி என்று அஜின்கோர்ட்டில் நம்முடைய ஆள் ஒருவரின் கிளினிக்குக்குப் போனேன். கராம்பு எண்ணெயைப் பஞ்சில் தோய்த்து வைத்தார். வாயைத் திறந்தபடியே அழுதுவிட்டேன். "அவ்வளவு நோகுதா?" என்று கேட்டார். ஓம் என்று தலையாட்டினேன். வேறென்ன சொல்ல?

உங்கள் வீட்டு பேஸ்மென்டில் எப்போதும் அந்த வாசம்தான். ஒஷாவாவில் காலமான ஒரு பழைய சிப்பாயின் வீட்டுச் சாமான்களோடு நீங்கள் வாங்கிய ஜப்பான் வாள். ஜப்பான் தோற்ற நேரம் அவர் அங்கிருந்து கொண்டுவந்ததாம். மெல்லிய தாளால் பழைய எண்ணெயைத் துடைத்துவிட்டுக் கராம்பு எண்ணெயைப் புதிதாகப் பூசுவீர்கள். அலகில் விரல் படக்கூடாது. "அக்காவைக்கூட இப்பிடிப் பார்த்திருக்க மாட்டியள்" என்று உங்கள் மனைவியைச் சொல்லிப் பகிடி விட்டிருக்கிறேன்.

எங்கள் போர் முடிந்த அந்த வைகாசியில், வன்னியில் இருந்த உங்கள் தம்பியிடமிருந்து வாரக்கணக்கில் செய்தி இல்லை. வாளைத் துடைப்பதும் போனைப் பார்ப்பதுமாக இருந்தீர்கள். ஒரு நாள் வாளின் பிடியைக் கழற்றி வைத்திருந்தபோது போன் அடித்தது. மேலே ஓடினீர்கள். பிடிக்குள் இருந்த இரும்பெல்லாம் துருப்பிடித்து ஒரே கறள். எங்கள் வீட்டில் அரிவாளில் கறள் இருந்தாலே அம்மா ஏசுவார். நீங்கள் திரும்பிவர அரை மணித்தியாலம் ஆனது. அதற்குள் சாண்ட் பேப்பரால் தேய்தேய் என்று தேய்த்துப் பளபளப்பாக்கிவிட்டேன்.

இறங்கி வந்தீர்கள். அதைப் பார்த்தீர்கள். அப்படியே படியில் குந்திக் குலுங்கிக் குலுங்கி அழுதீர்கள்.

நான் பயந்துபோய், "அழாதேங்கோ அண்ணை, வேற ஒண்டு வாங்கித் தாறன்" என்றேன்.

நிமிர்ந்து பார்த்து, "தம்பி செத்துப்போனானாமடா" என்றீர்கள்.

ஒரு மாதம் கழித்துத்தான் சொன்னீர்கள்: "உந்தக் கறளைப் பார்த்துத்தான் வாளின்ர வயசு சொல்லுவினம். தீட்டுறவன்கூட உதிலை கை வைக்கமாட்டான்." யாரோ செய்த பிழையைப் பற்றிக் கதைப்பது போலச் சொன்னீர்கள். அதுதான் இன்றுவரை குழப்புகிறது. நாலு வார்த்தை ஏசியிருந்தால் ஆறியிருப்பேன்.

தம்பி இறந்த நாள் ஒருவருக்கும் தெரியாது. போன் வந்த நாளையே திவசமாக்கி, வருடாவருடம் முதல் ஆளாக என்னைச் சாப்பிடக் கூப்பிட்டீர்கள். மன்னித்தபடியாலா? இல்லை, நான் மறக்கக்கூடாது என்றா? கேட்கப் பயந்து, சாப்பிட்டுவிட்டு வந்துவிடுவேன்.

நீங்கள் இல்லாத இந்த வைகாசியில் நானே சமைத்தேன். தம்பியை நான் கண்டதில்லை. அக்காவுக்குப் பிறகு நீங்களும் போய்விட, அவனுக்கு என்ன கறி பிடிக்கும் என்று கேட்க இனி ஆளுமில்லை. உங்களுக்குப் பிடித்த கத்தரிக்காய்ப் பால்கறியையே படைத்தேன். வாளுக்காக உங்களிடம் மன்னிப்புக் கேட்கத்தான் இலைக்கு முன்னால் நின்றேன். 'வேற ஒண்டு வாங்கித் தாறன்' என்று சொன்னதற்காகத் தம்பியிடம்தான் கேட்க முடிந்தது.