புரட்டாசியில் செவலைக்கு முட்டை

28-9-1979, வெள்ளி இரவு

எங்கள் நாய் செவலை குட்டி போட்டதிலிருந்து கம்பங்கூழும் மோரும்தான் ஊற்றிவந்தோம். விலா எலும்பு தெரிகிறது. நான்கு குட்டிகளும் காய்ந்த மடியை இழுத்து இழுத்துக் கத்துகின்றன. காலையில் மாட்டு டாக்டரைக் கேட்டேன். பால் கொடுக்கிற நாய்க்குக் கூழ் போதாது, முட்டையை வேகவைத்துப் பிசைந்து போடுங்கள் என்றார்.

என் மனைவி செல்லம்மாளிடம் சொன்னதும் அவள் முகம் மாறிவிட்டது. “ஏனுங்க, புரட்டாசியிலயா? நாளைக்குச் சனிக்கெழமைங்க. ஊட்டுக்குள்ள முட்டை வரப்படாது.”

பிள்ளை பெற்றவளுக்கு வெறும் கஞ்சியா ஊற்றுவோம் என்று வகுப்பில் பாடம் நடத்துகிற பழக்கத்தில் உதாரணம் சொல்லிப் பார்த்தேன்.

“இது பள்ளிக்கூடமில்லீங்க” என்று அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அவள் விரதத்தைக் கெடுக்க எனக்கும் மனமில்லை. கடலைப் புண்ணாக்கை ஊறவைத்துப் போட்டேன். செவலை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது.

சாயங்காலம் கடைசிக் குட்டி கத்தவில்லை. செல்லம்மாள் அதைக் கையில் எடுத்து முந்தானையில் பொதிந்துகொண்டாள். பிறகு, “கோழிப்பண்ணைக்குப் போயிட்டு வாங்க. கெணத்து மேட்டுல கல்லுக் கூட்டி வேகவெச்சுக்கலாம். ஊட்டுச் சட்டியத் தொட்டறாதீங்க” என்றாள்.

உடைசல் முட்டைகளை வாங்கிவந்து தகர டப்பாவில் வேகவைத்தோம். செவலை ஓடு கூட மிச்சம் வைக்கவில்லை. செல்லம்மாளே குட்டியைச் செவலையின் மடியில் சேர்த்துப் பிடித்தாள். “குடி சாமி, குடி. நான் தலைக்குத் தண்ணி ஊத்திக்கிட்டுப் பெருமாள்கிட்டச் சொல்லிக்கறேன்.”

குட்டி வாய் வைத்தது. தின்றது பாலாகச் சுரக்க நேரமாகும். அதுவரை குட்டிக்குத் தெம்பு இருக்க வேண்டும்.