நல்ல கொட்டகையில் இருமல்

ஐப்பசி 9, திங்கள்
காலையில் தூறல். கரிசல் பூட்ஸைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. ஆறு பன்றிகளுக்கு மூக்கில் வைரஸ் விட்டாச்சு. இன்னும் ஆறு, தள்ளி இன்னொரு கொட்டகையில், வைரஸ் இல்லாமல். இந்த வைரஸ் நுரையீரலை எவ்வளவு கெடுக்கும் என்று ஒப்பிட அந்த ஆறும் நோயில்லாமல் இருந்தாக வேண்டும்.

விதி ஒன்றுதான். முதலில் நல்ல கொட்டகை, பிறகு சீக்குக் கொட்டகை. மாறிப் போனால் குளித்து, உடுப்பு மாற்ற வேண்டும். பன்றிகளைப் பார்த்துக்கொள்ளும் செல்லத்துரை அண்ணாச்சியிடம் மூன்று தடவை சொன்னேன். மூன்று தடவையும் "சரி மேடம்". அந்தச் 'சரி' எனக்குப் பிடிக்கவில்லை.

ஐப்பசி 11, புதன்
வெயில். பதிவேட்டில் ஒன்றுக்கும் காய்ச்சல் இல்லை. தும்மல் மட்டும். தெர்மாமீட்டரைத் தொடாமலே எழுதுகிறாரோ?

"என்ன அண்ணாச்சி, ஒண்ணுக்குக்கூடவா காய்ச்சல் இல்ல?"

"இருந்தாத்தான எழுதணும். இல்லாததை எழுதச் சொல்லுதியளா?"

முகம் பார்த்துப் பேசவில்லை. பசுவந்தனையில் மக்காச்சோளம் போட்டிருக்கிறார். நினைப்பெல்லாம் அங்கேதான்.
வாங்க: கையுறை, பேட்டரி, கொசுவத்தி.

ஐப்பசி 12, வியாழன்
அவர் ஏழு மணிக்குத்தான் வருவார். ஆறுக்கே போய்விட்டேன். நேரே சீக்குக் கொட்டகை. ஆறு பன்றிக்கும் நானே வெப்பம் பார்த்தேன். அவர் எழுதியதேதான். அப்படியும் மனசு கேட்கவில்லை. நல்ல கொட்டகையில் பொய் எழுதியிருக்கலாமே? அங்கேயும் நுழைந்து இரண்டைப் பிடித்துப் பார்த்தேன். அதுவும் சரி. பைக் சத்தம் கேட்பதற்குள் வெளியே. களவாணி மாதிரி.

ஐப்பசி 16, திங்கள்
மேகமூட்டம். நல்ல கொட்டகையில் இருமல்! இரண்டு பன்றிகள் தீனியைத் தொடவில்லை. வயிற்றெரிச்சல். இத்தனை நாள் பாடு வீண். அண்ணாச்சிதான் வரிசை மாறிப் போயிருக்கிறார், வேறு யார்? ஆய்வுத் தலைவருக்கு அப்போதே எழுதி அனுப்பினேன், பணியாளரின் கவனக்குறைவு என்று.

மத்தியானம் அவரிடம் கத்தினேன். முடியும்வரை நின்று கேட்டார்.

"மேடம், தெனமும் ரெண்டு வாசலுக்கும் சுண்ணாம்புத் தூள் போட்டுட்டுத்தான் வீட்டுக்குப் போவேன். வியாழக்கெழம காலைல தடம் கெடந்துச்சு. சின்ன பூட்சு. சீக்குக் கொட்டகைல இருந்து நல்லதுக்குப் போயிருக்கு. காட்டுல பன்னித் தடம் பாத்துப் பழகுன கண்ணு, தப்பாது."

"அன்னைக்கே ஏன் சொல்லல?"

"படிச்சவிய நீங்க. குளிச்சிட்டுத்தான் போயிருப்பியன்னு நெனச்சேன்."

ஐப்பசி 17, செவ்வாய்
மழை. மூக்கில் வைரஸ் விட்ட ஆறும் தேறிவிட்டன. என்னால் தொற்றிய இரண்டுக்குத்தான் மூச்சிரைப்பு. இது சாதுவான வைரஸா, கொடியதா? இனி எதை நம்பி எழுத?

காலையிலேயே தலைவரின் பதில்: அந்த ஆள் நாளை முதல் வேண்டாம். அவருக்குப் போன் செய்தேன், எடுக்கவில்லை. 'தவறு என்னுடையது' என்று கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். அனுப்பினால் என் வேலை போகும். வெட்கமாக இருக்கிறது. பயமாகவும் இருக்கிறது.

அண்ணாச்சியிடம் ஒன்றும் சொல்லவில்லை. சாயங்காலம் அவரே வந்தார், முகமெல்லாம் சிரிப்பு.

"அந்த ரெண்டும் கொஞ்சம் திங்குது மேடம். நாளைக்கு ஒரு நா மட்டும் லீவு தாங்க, சோளத்துக்குக் களை எடுக்கணும். நாளான்னைக்கு விடிய வந்துருதேன்."

சரி என்று சொல்லிவிட்டேன். கடிதம் இன்னும் போகவில்லை.