சிட்டுவின் ஓலைப்பெட்டி

1969 ஜனவரி 6, திங்கள்

சிட்டு, உன் மாமா கடுதாசி வந்தது. இந்த மாசம் 27ஆம் தேதி கிளம்பி ராமேஸ்வரம் போய்க் கப்பல் ஏறச் சொல்கிறார். தலைமன்னாரில் வந்து நிற்பாராம். அங்கிருந்து மாத்தளை. நான் பிறந்த ஊர்.

உன் அப்பா போன பிறகும் நான் இந்தத் திருப்பூரில், அவர் அண்ணன் வீட்டில் இருந்தது உனக்காக. போன ஆடியில் காய்ச்சலில் நீயும் போய்விட்டாய். இனி அங்கே எதுக்கு இருக்கிறாய் என்று மாமா கேட்டிருக்கிறார். சரியாகத்தான் கேட்டிருக்கிறார். படித்துவிட்டு அரிசி களைந்தேன்.

ஜனவரி 8

போலீஸ் ஸ்டேஷனில் ஊருக்குப் போவதை எழுதிக் கொடுத்தேன். சிலோன் பாஸ்போர்ட்டு என்பதால் வருஷா வருஷம் பார்க்கிற ஏட்டுதான். "பாரின் அம்மா, கிளம்பிட்டீங்களா? பனியன் கம்பெனியில துணி மடிக்கிற ஒரே பாரின் நீங்கதானுங்க" என்றார். சிரித்தார். நானும் சிரித்தேன் போல.

ஜனவரி 11

கேட்டுவிட்டேன். உன் பெரியப்பா சாப்பிட்டுக் கை கழுவும்போது, "சிட்டு பெட்டிய நான் கொண்டு போறேனுங்க" என்றேன்.

அவர் என்னிடம் நேராகப் பேசமாட்டார். நான் தம்பி பெண்டாட்டி. பெரியம்மாவைப் பார்த்துச் சொன்னார்: "கன்னி கடல் தாண்டாது. சொல்லிரு."

கல்யாணம் ஆகாமல் போன பெண்பிள்ளை இந்த ஊட்டுக்குக் கன்னி தெய்வம். அவள் துணியை ஓலைப்பெட்டியில் வைத்து உள்அறை உத்தரத்தில் தொங்கவிடுவார்கள். நல்ல காரியத்துக்கு முன்னால் இறக்கி, புதுப் பாவாடை வைத்துக் கும்பிடுவார்கள். உன் அக்கா அமராவதிக்கு தை கடைசியில் கல்யாணம். அதனால் தரமாட்டார்கள். புரிகிறது. உன்னைப் புதைத்த இடத்தைத்தான் கொண்டுபோக முடியாது. பெட்டி ஒன்றுதானே கேட்டேன்.

ஜனவரி 14

பொங்கல். நான் வாசல் பக்கம் போகவில்லை.

ஜனவரி 16

கம்பெனியில் பக்கத்தில் உட்கார்ந்து மடிக்கிற குப்பாயி கேட்டாள்: "அங்க போனா மறுபடியும் பிரட்டை பாண்னு சொல்லுவியா?" "ஓம்" என்றேன். எங்கள் ஊர் ஆமாம். பத்து வருஷமாக மறந்திருந்த சொல். எல்லாரும் சிரித்தார்கள்.

அப்புறம் மெதுவாகச் சொன்னாள்: "ஆரையுங் கேக்காத புள்ள. எடுத்துட்டுப் போயிரு. பெத்தவளுக்கு இல்லாத பாத்தியதையா?"

ஜனவரி 19, ஞாயிறு

எடுத்தேன். அவர்கள் பத்திரிகை வைக்கப் பல்லடம் போயிருந்தார்கள். முக்காலி போட்டு இறக்கி, என் டிரங்குப் பெட்டியில் சேலைக்கு அடியில் வைத்தேன்.

சாயங்காலம் பெரியம்மா உள்ளே வந்து உத்தரத்தைப் பார்த்தார். சத்தம் போடுவார் என்று நின்றேன். போடவில்லை. "பல்லடத்துல பாவாடை எடுத்தாந்திருக்கறேன். பெட்டிய மேல மாட்டிரு கண்ணு. வியாழக்கிழமை கும்புடோணும்."

அவ்வளவுதான். அடுப்பு பற்றவைக்கப் போய்விட்டார்.

திட்டியிருக்கலாமே. திட்டியிருந்தா எடுத்துட்டுப் போயிருப்பேன். நான்தானே பெத்தேன். நான்தானே ராத்திரியெல்லாம் ஈரத்துணி போட்டுக்கிட்டு உக்காந்திருந்தேன். அவுங்களுக்கு என்ன—

ஜனவரி 20

மாட்டிவிட்டேன்.

ஜனவரி 23, வியாழன்

கும்பிட்டார்கள். பெரியம்மா என்னையே பெட்டியை இறக்கச் சொன்னார். சொந்தத்தில் ஒருத்தி, "தாலியில்லாதவ கை படலாமா?" என்றாள். "பெத்தவ கைக்கு என்னங்க வந்துச்சு? நீங்க போயி வடை தீயாமப் பாருங்க" என்று பெரியம்மா அனுப்பிவிட்டார்.

பாவாடை பச்சை. விரித்தேன். நீளமாக இருந்தது. நீ கடைசியில் போட்டதைவிட ஒரு சாண் கூடுதலாக இருக்கும்.

"பெருசா இருக்குதுங்களே அக்கா?"

"தைப்பூசம் வந்தா எட்டு வயசாச்சுல்ல? வளர்ற புள்ள. அளவா எடுத்தா எப்புடிப் பத்தும்? அமராவதிக்கும் நான் அப்படித்தான் எடுப்பேன். கீழ ஒரு மடிப்பு வெச்சுத் தெச்சுக்கலாம்."

அவர் பாட்டுக்குச் சொல்லிவிட்டுச் சூடம் தேடினார். எனக்கு அது தோன்றவே இல்லை. நான் நினைக்கிறபோதெல்லாம் நீ அந்தப் பாயில் படுத்திருக்கிற அளவுதான்.

ஜனவரி 25

மாத்தளையில் உனக்கு யார் பாவாடை எடுப்பார்கள்? உன் மாமா வீட்டில் நானே ஒரு வாய் கூடுதல். பெட்டி பரண் மேலே கிடக்கும். இங்கே என்றால் அமராவதி பிள்ளை பெற்றாலும் உன்னைக் கும்பிட்டுவிட்டுத்தான் பெயர் வைப்பார்கள்.

பெட்டியை மறுபடி கேட்கவில்லை. இனிக் கேட்கமாட்டேன்.

ஜனவரி 28, ராமேஸ்வரம்

கப்பலுக்கு உட்கார்ந்திருக்கிறேன். சுங்க அதிகாரி டிரங்கைத் திறக்கச் சொன்னார். சேலைகள், இரண்டு பாத்திரம், உன் அப்பா போட்டோ. "அவ்வளவுதானாம்மா?" என்றார். அவ்வளவுதான்.

நேற்று பஸ் வரைக்கும் பெரியம்மா வந்தார். உன் பெரியப்பா கொஞ்சம் தள்ளி நின்று, பஸ்ஸைப் பார்த்து, "பத்திரமாப் போயிச் சேரச் சொல்லு" என்றார். பெரியம்மா என் கையைப் பிடித்தார். "வருசம் தவறாம புதுப் பாவாடை எடுத்து வெப்பேன். நீ போ" என்றார். அழுகை வரவில்லை. ஏறி உட்கார்ந்தேன்.

ரயில் மண்டபம் தாண்டும்போதுதான் நினைப்பு வந்தது. மடிப்பு வைத்துத் தைக்க இரண்டு பேருமே மறந்துவிட்டோம். அப்படியே வைத்து மேலே மாட்டியாயிற்று. நீ நடக்கிற பிள்ளை இல்லை, எங்கே போனாலும் ஓட்டம்தான். பாவாடை காலைத் தடுக்குதா, சிட்டு?